வழிக்கயிற்றைச் சுருட்டும்போது சிக்கிக்கொண்டேன்: எங்கே தவறினேன்?

அலைவாய் (தரங்கம்பாடி)
சனி, இரவு 9.40

நண்பர்களுக்கு வணக்கம். வியாழக்கிழமை நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள். எங்கே தவறினேன் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். மூவருமே முறையாக ஸ்கூபா கற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள். காலை ஏழு மணிக்கு ஃபைபர் படகில் கிளம்பி, கரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் கிழக்கே போய் இறங்கினோம். ஆழம் 13 மீட்டர். கீழே ஒரு சிறிய பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிறது. நங்கூரத்தின் அருகில் வழிக்கயிற்றை (கண் தெரியாவிட்டாலும் திரும்பி வர வழிகாட்டும் கயிறு) கட்டி, பாரின் ஓரமாக 40 மீட்டர் விரித்துக்கொண்டு போவது, பிறகு அதையே சுருட்டியபடி நங்கூரத்துக்குத் திரும்புவது என்பதுதான் திட்டம். கயிறு சுற்றிய ரீல் என் கையில். போகும்போது ஒரு குறையும் இல்லை. நாலு மீட்டர் தெளிவு இருந்தது. நம் கடலுக்கு அது பெரிய தெளிவு.

திரும்பும் இடத்தில் நான் சுருட்டத் தொடங்கினேன். ஒருவன் எனக்கு முன்னால் போனான். இன்னொருவன் பாரின் இடுக்கில் எதையோ பார்த்துக்கொண்டு எனக்குப் பின்னால் தங்கிவிட்டான். நான் அதைக் கவனிக்கவில்லை. பாதித் தூரத்தில் காலில் மாட்டிய ஃபின் (நீந்தும் துடுப்பு) தரையில் பட்டு வண்டல் கிளம்பியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த டார்ச் வெளிச்சம் பழுப்புப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. சீக்கிரம் நங்கூரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கயிற்றை இழுத்து இழுத்துச் சுருட்டினேன். தொய்ந்த கயிறு தலைக்குப் பின்னால் சிலிண்டர் வால்வில் மாட்டிக்கொண்டது. என்னவென்று பார்க்க உடம்பைத் திருப்பினேன். இன்னொரு சுற்று விழுந்தது. மறுபடி திருப்பினேன், கை முட்டியிலும் சுற்றிக்கொண்டது.

முன்னால் போனவன் திரும்பி வந்து, தடவிப் பார்த்து, கயிற்றை வெட்டி என்னை விடுவித்தான். இருவரும் நங்கூரத்துக்கு வந்துவிட்டோம். மூன்றாமவன் கயிறே இல்லாத கலங்கலில் தனியாக நின்றிருக்கிறான். ஒரு நிமிடம் தேடிவிட்டு மெதுவாக மேலே ஏறியிருக்கிறான். படகிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் அவன் தலை தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

யாருக்கும் காயமில்லை. ஆனால் இரண்டு இரவாகக் கண்ணை மூடினால் அந்தப் பழுப்பு நிறம்தான் வருகிறது.

நரம்புவலை (நாகப்பட்டினம்)
சனி, இரவு 10.15

தம்பி, உயிரோடு வந்தீர்களே, அதுவே போதும். நான் ஸ்கூபா படித்தவன் இல்லை. முப்பது வருடமாக வலை இழுக்கிறவன். காலில் நரம்பு (வலை நூல்) சுற்றிக் கடலுக்குள் போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கயிறு சுற்றினால் உடனே வெட்டு என்றுதான் எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்தார். இடுப்பில் கத்தி இல்லாமல் படகில் ஏறவிட மாட்டார். உங்களிடம் கத்தி இல்லையா?

அலைவாய்
சனி, இரவு 10.22

இருந்தது அண்ணா. வலது காலில் கட்டியிருந்தேன். வலது கைதான் சிக்கியிருந்தது.

குடந்தைக் குகையன் (கும்பகோணம்)
ஞாயிறு, காலை 6.05

அலைவாய் தம்பி, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கயிறு வால்வில் மாட்டியதை விபத்து என்று நினைக்கிறீர்கள். என் கணக்கில் விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஒருவர் பின்னால் இருக்கும்போது நீங்கள் ரீலில் முதல் சுற்றுச் சுற்றிய நொடியிலேயே நடந்துவிட்டது. அவருடைய வழியை அவர் கையிலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். ரீல் நீங்கள் வாங்கியதாக இருக்கலாம். தண்ணீருக்குள் விரித்த பிறகு அந்தக் கயிறு அதைப் பிடித்து வெளியே போக வேண்டியவர்கள் எல்லோருக்கும் சொந்தம்.

நான் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் நீரடிக் குகைகளில் பயிற்சி பெற்றேன். அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: ரீல் பிடித்தவர் முதலில் உள்ளே போக வேண்டும், கடைசியாக வெளியே வர வேண்டும். திரும்பும் முடிவை யார் எடுத்தாலும், மற்ற இருவரும் ரீல்காரரைக் கடந்து வாசல் பக்கம் (வெளியேறும் இடம்; உங்களுக்கு நங்கூரம்) வந்து, இருவரும் தலைகாட்டி, விளக்கால் வட்டம் போட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் ரீலின் பூட்டைத் திறக்கலாம். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் பூட்டு பூட்டாகவே இருக்கட்டும்.

அடுத்தது, சுருட்டும் விதம். கயிற்றை உங்களை நோக்கி இழுக்கக் கூடாது. நீங்கள்தான் கயிற்றை நோக்கி நீந்திப் போக வேண்டும். போகும் வேகத்துக்கு ரீல் சுற்ற வேண்டும். கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு விழுந்தால் அது மிதந்து வந்து வால்விலோ ஃபின் வாரிலோ மாட்டும் என்பது நிச்சயம். இழுத்துச் சுருட்டினால் இன்னொரு கெடுதலும் உண்டு. போகும்போது பாறை முனையில் சுற்றியிருப்பீர்கள் அல்லவா? அந்தச் சுற்று நழுவி, கயிறு ஆள் நுழைய முடியாத இடுக்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். கண் தெரியாத நேரத்தில் அந்தக் கயிற்றைப் பின்பற்றிப் போனால் தோள் சிக்கும். குகைக்காரர்கள் இதைக் கயிற்றுப் பொறி என்கிறார்கள். அதனால் திரும்பும்போது ரீல்காரருக்கு அடுத்து இருப்பவர் ஒவ்வொரு சுற்றாகக் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ரீல்காரர் சுருட்டுவதை மட்டும் செய்யட்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் இரண்டுமே கெடும்.

இனி மிக முக்கியமானது. கலங்கல் வந்துவிட்டால் சுருட்டுவதை அத்தோடு நிறுத்துங்கள். ரீலைப் பூட்டி, கல்லிலோ பாறையிலோ ஒரு சுற்றுப் போட்டு மாட்டிவிட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி அதற்குள் கயிற்றை விட்டு, தளர்வாகப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். கயிற்றைப் பற்றி இழுத்துக்கொண்டு வரக் கூடாது. விரல் வளையம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு ரீல் சில ஆயிரம் ரூபாய். இன்னொரு நாள் போய் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த திறமையான ஒருவர் ரீலை விட மனமில்லாமல் கலங்கலிலேயே பதினைந்து நிமிடம் சுருட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது சிலிண்டரில் காற்று மிச்சமில்லை என்றே சொல்ல வேண்டும். சுருட்டிக்கொண்டு வருவதற்குச் சும்மா நீந்தி வருவதைவிட அதிக நேரம் ஆகும், அதிகக் காற்று செலவாகும். மூன்றில் ஒரு பங்கு காற்று போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கைவைக்காத சேமிப்பு என்ற கணக்கு இதற்கும் சேர்த்துத்தான்.

அமெரிக்காவின் ஷெக் எக்ஸ்லி 1970களில் குகை மூழ்கல் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். திறந்த நீர் வரைக்கும் அறுபடாத கயிறு இல்லாமல் போனதுதான் அவர் கண்ட முதன்மைக் காரணங்களுள் ஒன்று. நங்கூரத்தின் அருகில் கட்டினேன் என்கிறீர்கள். எங்கே கட்டினீர்கள்? நங்கூரத்திலா, நங்கூரக் கயிற்றிலா?

அலைவாய்
ஞாயிறு, காலை 7.30

நங்கூரச் சங்கிலியில் கட்டினேன் அண்ணா. ஒரே ஒரு கட்டு.

குடந்தைக் குகையன்
ஞாயிறு, காலை 7.48

படகு அசைந்தால் சங்கிலி புரளும். நங்கூரம் இழுபட்டால் உங்கள் வாசலும் சேர்ந்து நகர்ந்துவிடும். முதல் கட்டு அங்கேயே இருக்கட்டும். ஆனால் ஓரிரு மீட்டர் தள்ளி அசையாத பாறையில் இரண்டாவது கட்டு போடுங்கள். குகையிலும் இப்படித்தான். நேராக மேலே ஏறக்கூடிய திறந்த நீரில் ஒரு கட்டு, வாயிலுக்குச் சற்று உள்ளே இன்னொரு கட்டு. முதல் கட்டு எப்படியாவது அவிழ்ந்தாலும் இரண்டாவது காப்பாற்றும்.

உங்கள் மூன்றாவது நண்பர் சரியாகவே செய்தார் என்பதை அவரிடம் சொல்லுங்கள். ஒரு நிமிடம் தேடுவது, கிடைக்காவிட்டால் மெதுவாக மேலேறுவது: கடலில் அதுதான் முறை. குகையில் அவருக்கு அந்த வழி இருந்திருக்காது.

மதகடி (திருச்சி)
ஞாயிறு, மதியம் 2.10

மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மூழ்கியவர்களைத் தேடி இறங்கியிருக்கிறேன். எங்கள் கயிறு வேறு வகை. அதைக் கொஞ்சம் விளக்கினால் இங்கே இருக்கும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஆற்றில் கண் தெரிவதே கிடையாது. மணல் அள்ளிய குழிகளில் இறங்கினால் முழங்கைக்குக் கீழே உங்கள் கை உங்களுக்கே தெரியாது. அங்கே கயிற்றின் ஒரு நுனி மூழ்குபவர் உடம்பில் இருக்கும். மறு நுனியைக் கரையில் ஒருவர் பிடித்திருப்பார். அவர் வேறு எந்த வேலையும் பார்க்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார். கயிற்றைச் சட்டென்று இழுத்துவிடும் சொடுக்கின் எண்ணிக்கைதான் பேச்சு. எத்தனை சொடுக்குக்கு என்ன பொருள் என்பது குழுவுக்குக் குழு மாறும். அதனால் இறங்கும் முன் இருவரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்போம். பதில் சொடுக்கு வராவிட்டால் தயார் நிலையில் நிற்கும் இரண்டாவது ஆள் அதே கயிற்றைப் பிடித்து இறங்குவார்.

முத்துக் குளிக்கப் போகிறவனுக்கு மைத்துனன்தான் கயிறு பிடிப்பான் என்று தென்கடற்கரையில் சொல்வார்கள். அக்காளோ தங்கையோ தாலி அறுக்கக் கூடாது என்ற அக்கறை அவனுக்குத்தானே இருக்கும். நான் இறங்கிய காலத்தில் எனக்குக் கயிறு பிடித்தவர் சொந்தக்காரர் இல்லை. ஆனால் இன்றைக்கும் அவர் வீட்டு விசேஷம் எதையும் நான் தவறவிட்டதில்லை.

குகையன் சொல்லும் வழிக்கயிற்றை மறுமுனையில் யாரும் பிடித்திருப்பதில்லை. பாறைதான் பிடித்திருக்கிறது. பாறைக்குச் சொடுக்கு புரியாது. ஆகவே அந்தக் கயிற்றில் எல்லா அக்கறையும் மூழ்குபவரிடமே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் யாராவது வாய்க்காலிலோ ஆற்றிலோ பயிற்சி செய்ய நினைத்தால், ஓடும் மதகின் பக்கம் போகவே போகாதீர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு மேலே பார்க்க ஆறு அமைதியாகத்தான் இருக்கும். மதகுக் கண்ணில் இழுக்கும் நீருக்கு முன்னால் எந்தக் கயிறும் உதவாது. கயிறே ஆளை அந்தக் கண்ணோடு சேர்த்துக் கட்டிவிடும். மதகைச் சாத்தி, சாத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாங்கள் இறங்குவோம்.

கடலடி மாணவி (சீர்காழி)
ஞாயிறு, மாலை 5.35

மதகடி ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நான் தொல்லியல் படிக்கிறேன். தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பூம்புகாருக்கு வெளியே 1980களிலும் 1990களிலும் மூழ்கி ஆய்வு செய்திருக்கிறார்கள். கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஒரு அமைப்பைக் கண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஈயக் கட்டிகளோடு ஒரு கப்பல் சிதைவையும் கண்டார்கள். இதுபோன்ற இடத்தில் தேடும்போது வட்டத் தேடல் செய்வதாகப் படித்தேன். நடுவில் ஒரு கனத்தைப் போட்டு, அதில் கட்டிய கயிற்றின் நுனியைப் பிடித்துச் சுற்றி வருவது, ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றைக் கொஞ்சம் நீட்டுவது. அதற்கும் குகை விதிகள் பொருந்துமா? கப்பல் சிதைவுக்குள் கயிறு விரிப்பது குகையைப் போன்றதுதானா?

குடந்தைக் குகையன்
ஞாயிறு, இரவு 8.20

வட்டத் தேடலில் கயிறு எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும் மாணவி. அதனால் அதை வாசலுக்குக் கூட்டிப் போகும் கயிறாக மட்டும் நம்பக் கூடாது. நடுக் கனத்திலிருந்து மேலே ஒரு மிதவை இருக்க வேண்டும். பாறையோ வலையோ தடுத்தால் கயிறு மடங்கும். சுற்றுபவர் முழு வட்டம் அடித்ததாக நினைத்துக்கொண்டு பாதி வட்டம்தான் அடித்திருப்பார்.

கப்பல் சிதைவு குகையைவிடப் பொல்லாதது. துருப்பிடித்த இரும்பு விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். கயிற்றை அதில் உரசவிட்டால் நீங்கள் உள்ளே இருக்கும்போதே அறுந்துவிடும். மழுங்கிய, உறுதியான இடமாகப் பார்த்துச் சுற்ற வேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சி இல்லாமல் எந்தச் சிதைவுக்குள்ளும் நுழையாதீர்கள். தொல்லியல் இடமென்றால் அனுமதியும் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

நரம்புவலை
ஞாயிறு, இரவு 9.05

குகையன் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ரீலை விட்டுவிட்டு வா என்கிறீர்கள். நைலான் கயிறு மக்காது. எங்கள் கடலில் அறுந்த வலையே போதுமான அளவு கிடக்கிறது. தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் ஆமை முட்டையிடக் கரைக்கு வருகிறது. கழுத்தில் நரம்பு இறுகிச் செத்த ஆமையை நான் கையால் தூக்கிப் போட்டிருக்கிறேன். அதன் துடுப்புக் கால் இரண்டும் எலும்பு தெரிய அறுபட்டிருந்தது. உயிர் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டு வா என்பதோடு நிறுத்தாதீர்கள்.

குடந்தைக் குகையன்
ஞாயிறு, இரவு 9.30

நீங்கள் சொல்வது முழுக்க நியாயம் அண்ணா. நான் எழுதியது குறைதான். விட்டுவிட்டு வந்த அன்றே படகிலிருந்து இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, மிதவை போட்டு, தெளிவு வந்த முதல் நாளில் போய் எடுப்பது அந்த விதியின் மறுபாதி. அதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

வெட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். படகில் உங்கள் அப்பா சொன்னது சரி. காலில் நரம்பு சுற்றி வலை இறங்கும்போது யோசிக்க நேரமில்லை. தண்ணீருக்கடியில் சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்கிறது, மூச்சு வருகிறது, நேரம் இருக்கிறது. முதலில் அசையாமல் நிற்க வேண்டும். திரும்பவே கூடாது; திரும்பினால் ராட்டையில் நூல் சுற்றுவதைப் போலச் சுற்றும், அலைவாய்க்கு நடந்தது அதுதான். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவ வேண்டும். வராவிட்டால் கூட்டாளி எடுத்துவிடுவார். அப்படியும் முடியாவிட்டால்தான் வெட்டு. வெட்டும் முன் வாசல் பக்கக் கயிறு நழுவிப் போகாதபடி அதைப் பிடித்திருக்க வேண்டும் அல்லது சிறிய ஸ்பூல் (கைக்கு அடக்கமான கயிற்று உருளை) கயிற்றால் கட்டிவைக்க வேண்டும். பின்னால் ஆள் இருந்தால், வெட்டிய இரண்டு நுனியையும் மறுபடி சேர்த்துக் கட்டாமல் அங்கிருந்து நகரக் கூடாது.

கத்தியைக் காலில் கட்டாதீர்கள். கயிறு வெட்டும் சிறு கருவி இரண்டு வாங்குங்கள். இரண்டு கையாலும் எட்டக்கூடிய வகையில், ஒன்று மார்பு வாரில், ஒன்று இடுப்பில்.

அலைவாய்
ஞாயிறு, இரவு 10.10

கயிறே கைவிட்டுப் போனால் என்ன செய்வது அண்ணா? என் நண்பன் நின்ற நிலையில், தலைக்கு மேல் பாறை இருந்தால்?

குடந்தைக் குகையன்
ஞாயிறு, இரவு 10.45

நகரக் கூடாது. கயிறு கடைசியாக எந்தப் பக்கம் இருந்தது என்பது அந்த நொடியில் தெரியும். பத்து அடி நீந்திய பிறகு தெரியாது. கிட்டே உள்ள எதிலாவது ஸ்பூல் நுனியைக் கட்டி, அதை விரித்துக்கொண்டு கயிறு இருந்த பக்கமாகக் கையை மேலும் கீழும் வீசியபடி போக வேண்டும். கிடைக்காவிட்டால் ஸ்பூலைச் சுருட்டித் தொடங்கிய இடத்துக்கே வந்து இன்னொரு திசை. கயிறு கிடைத்தாலும் எந்தப் பக்கம் வாசல் என்று தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் குகைக் கயிறுகளில் வாசலைக் காட்டும் பிளாஸ்டிக் அம்புகளை மாட்டுகிறார்கள். கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவினால் முனை எந்தப் பக்கம் என்று புரியும்.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்த இரண்டு பிரிட்டிஷ்காரர்களும் கயிறு விரித்தபடியே உள்ளே போனவர்கள். வெளியே கொண்டுவந்த கடைசி நாளில், ஒரு சிறுவனைத் தூக்கி வந்த கிறிஸ் ஜூவலின் கையிலிருந்து கயிறு நழுவிவிட்டது. சேற்றுக் கலங்கலில் துழாவியபோது அவருக்கு அகப்பட்டது ஒரு மின்கம்பி. அதைப் பின்பற்றிப் போய், ஏற்கெனவே கடந்து வந்த அறைக்கே திரும்பிச் சேர்ந்தார். பிறகு இன்னொருவர் உதவியோடு சிறுவன் பத்திரமாக வெளியே வந்தான். உலகிலேயே தேர்ந்தவர்களுக்கும் கயிறு நழுவும் தம்பி.

மதகடி
திங்கள், காலை 5.50

தண்ணீரில் இறங்கும் முன் தரையில் பழகுங்கள். நாங்கள் அப்படித்தான் பழகினோம். தென்னந்தோப்பு ஒன்று போதும். மரத்துக்கு மரம் முழங்கால் உயரத்தில் கயிறு கட்டி, கண்ணைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, பேசாமல், விரல் வளையத்தை மட்டும் நம்பி நடக்க வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவர் தோளைத் தொட்டுக்கொள்ளட்டும். தள்ளினால் நட, இழுத்தால் நில். பிறகு அதே கயிற்றைக் கண் கட்டாமல் சுருட்டிப் பாருங்கள். எங்கே தொய்வு விழுகிறது என்று பகலிலேயே தெரிந்துவிடும்.

அலைவாய்
அடுத்த சனி, மாலை 6.30

எல்லோருக்கும் வணக்கம். மதகடி ஐயா சொன்னபடி புதன்கிழமை மூவரும் பொறையாறு பக்கம் ஒரு தோப்பில் கூடினோம். பதினோரு மரம், எழுபது மீட்டர் கயிறு. கண்ணைக் கட்டியதும் முதல் மரத்துக்கும் இரண்டாவது மரத்துக்கும் நடுவிலேயே எனக்குத் திசை போய்விட்டது. மட்டை காலில் இடறியபோது என்னை அறியாமல் கயிற்றை இறுகப் பற்றி இழுத்தேன். நாலாவது மரத்துச் சுற்று நழுவிக் கீழே விழுந்ததை நண்பன் பார்த்திருக்கிறான். தண்ணீருக்குள் நான் செய்தது அதுதான் என்று அப்போது புரிந்தது. அன்றைக்கு ஒன்பது முறை நடந்தோம். கடைசி மூன்று முறைதான் ஒரு சுற்றும் அவிழவில்லை.

இன்று காலை அதே பாருக்குப் போனோம். முதலில் போன வாரம் அறுந்து கிடந்த கயிற்றைத் தேடி எடுத்தோம். ஏறக்குறைய இருபது மீட்டர் கிடைத்தது. மிச்சம் கிடைக்கவில்லை, நரம்புவலை அண்ணன் மன்னிக்க வேண்டும். பிறகு புதுக் கயிறு விரித்தோம். சங்கிலியில் ஒரு கட்டு, பாறையில் ஒரு கட்டு. 30 மீட்டரில் திரும்பினோம். இருவரும் என்னைக் கடந்து போய் விளக்கால் வட்டம் போடும் வரை பூட்டைத் திறக்கவில்லை. பத்து மீட்டர் சுருட்டியிருப்பேன், தெற்கிலிருந்து நீவாடு (கடல் நீரோட்டம்) திரும்பி மொத்தமாகக் கலங்கிவிட்டது. ரீலைப் பூட்டினேன். ஒரு பாறை முனையில் இரண்டு சுற்றுப் போட்டு மாட்டினேன். முன்னால் இருந்தவன் தோளைத் தொட்டுத் தள்ளினேன். மூவரும் கயிற்றிலேயே நங்கூரத்துக்கு வந்தோம்.

ரீல் இன்னும் கீழேதான் இருக்கிறது. நங்கூரத்தை எடுக்கும் முன் சங்கிலிக் கட்டை மட்டும் அவிழ்த்து, அந்த நுனியைப் பாறைக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அதன் மேல் மஞ்சள் மிதவை போட்டு வந்திருக்கிறோம். ஜிபிஎஸ்ஸிலும் குறித்தாயிற்று. அந்தப் பக்கம் வலை விரிக்கிறவர்களுக்குப் படகுக்காரர் சொல்லிவிட்டார்.

நரம்புவலை
அடுத்த சனி, இரவு 7.15

செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்தக் காற்று நிற்காது. புதன்கிழமை தெளியும். நானும் படகில் வருகிறேன் தம்பி, மிச்சக் கயிற்றையும் சேர்த்துத் தேடுவோம்.